மடிசார் கட்டத்தில் விழாத டிக்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். "அம்மா, ஃபேக்டரியில என்னை பூனாவுக்கு டிரெயினிங் அனுப்புறாங்க. மெஷின் எடுக்கிற அளவையெல்லாம் எக்ஸ்.எம்.எல்.லா சேமிச்சு, அப்பால திரும்ப ஏத்தணுமாம். தலையும் புரியல, வாலும் புரியல. நீதான் கடையில பண்ணியே, கொஞ்சம் எழுதி அனுப்புமா" என்றாய். நான் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். உங்கப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னாடி, பையன் இன்னா சொன்னான்?" என்றார். "கம்ப்யூட்டர் கத்துக்கணுமாம்" என்றேன். கரித்துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன்னைக் கம்ப்யூட்டர் பக்கமே வராதே என்று விரட்டியவள் நான். அதனால் உனக்குப் பாடம் எழுத உட்கார்ந்தாலே கை கூசுகிறது. முதலில் பாடத்தை எழுதிவிட்டு, மற்றதைப் பின்னால் தனியாக எழுதலாம் என்று பார்த்தேன். இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பாடம் புரிந்தால்தான் நான் செய்தது உனக்குப் புரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்பது கஜமாக நெய்ய வேண்டிய கூரைப்புடவை ஆறு கஜமாக நெய்து வந்தது அல்லவா, அதற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம். எனக்கு அது அப்போதே தெரியும். அன்றைக்கே இல்லை, மூன்று வாரம் கழித்து. தெரிந்தும் ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி. நடுவில் கோபம் வந்தால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. கிழித்துப் போட்டுவிடாதே, பாடமும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

கடையில் நான் கல்யாண ஆர்டர் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நீள நோட்டும் ஒரு பேனாவும்தான். முதலாளி ஒரு நாள் திடீரென்று கம்ப்யூட்டர் வாங்கி மேஜை மேல் வைத்து, "இனிமே எல்லாம் இதுலதாம்மா" என்றார். அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேனே தவிர எங்கே தட்டினால் எரியும் என்று தெரியாது. முப்பத்தெட்டு வயதில், எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும் பெண்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். நீ அப்போது பத்தாவது. நான் ஹோம்வொர்க் செய்தால் பக்கத்தில் வந்து நின்று சிரிப்பாய். எட்டு மாதத்தில் ஆர்டர் எடுக்கிற புரோகிராம் ஒன்றை நானே எழுதிவிட்டேன். என்ன தலைக்கனம் எனக்கு! தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால் கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

முதல் நாள் நாற்பது ஆர்டரை அதில் தட்டி முடித்தேன். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. திரும்ப வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் ஒன்று கூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுதேன். நீ, "இன்னாமா, சேமிக்கவே இல்லியா?" என்று கேட்டு, நான் முறைத்ததும் ஓடிப்போனாய். நீ கேட்டாயே, அதுதான் தம்பி உன் முதல் பாடம்.

புரோகிராம் ஓடும்போது அதற்குள் இருக்கிற பொருளை ஆப்ஜெக்ட் என்பார்கள். என் புரோகிராமில் ஒரு ஆர்டர் என்றால் ஒரு ஆப்ஜெக்ட். அதற்கு உடல் நிறம் உண்டு, கரை நிறம் உண்டு, முந்தி உண்டு, கல்யாணத் தேதி உண்டு. ஒரு ஆர்டரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முதலிலேயே வகுத்து எழுதி வைப்பதற்குக் கிளாஸ் என்று பெயர். உன் ஃபேக்டரியில் பார்ட் வந்தால் நிரப்புவதற்கு வெற்றுப் படிவம் இருக்குமே, அதுதான் கிளாஸ். நிரப்பிய ஒவ்வொரு படிவமும் ஒரு ஆப்ஜெக்ட். ஆனால் இந்தப் படிவம் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான். புரோகிராமை மூடினால் போச்சு. அதனால் மூடுவதற்கு முன்னால் ஆப்ஜெக்டில் இருப்பதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த நாள் அந்தக் கோப்பைப் படித்துப் பழையபடி ஆப்ஜெக்ட் ஆக்க வேண்டும். எழுதுவது சேமித்தல், படிப்பது ஏற்றுதல். இவ்வளவுதான் விஷயம். பூனாவில் இதற்குப் பெரிய பெரிய பெயராகச் சொல்வார்கள், பயப்படாதே.

எக்ஸ்.எம்.எல். என்பது அப்படி எழுதுகிற ஒரு முறை. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயர், பின்னால் அதே பெயர் ஒரு சாய்கோட்டோடு. வாத்தியார் வீட்டு ஆர்டர் இப்படி இருந்தது. நான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியதை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்:

<புடவை>
  <உடல்>அரக்கு</உடல்>
  <கரை>மாம்பழ மஞ்சள்</கரை>
  <முந்தி>அன்னப்பட்சி</முந்தி>
  <மடிசார்>ஆம்</மடிசார்>
</புடவை>

இதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்தக் கோப்பை என் புரோகிராம் மட்டும் அல்ல, மனுஷனும் படிக்கலாம். நோட்பேடில் திறந்தால் போதும், எழுத்துக் கூட்டத் தெரிந்த யாருக்கும் புரியும். இதை மறக்காதே. பின்னால் இது வரும்.

ஏற்றும்போது என்ன நடக்கிறது என்பதையும் கேள். கம்ப்யூட்டர் முதலில் ஒரு வெற்று ஆப்ஜெக்டை உண்டாக்கும். அதில் நிறம் கிடையாது, முந்தி கிடையாது, டிக் போடுகிற இடத்தில் எல்லாம் "இல்லை". பிறகு கோப்பைத் திறந்து, கரை என்ற பெயரைப் பார்த்தால் ஆப்ஜெக்டில் கரை என்று ஓர் இடம் இருக்கிறதா என்று தேடி அங்கே நிரப்பும். அப்படியே ஒவ்வொன்றாக. வெற்றாக ஒன்றை உண்டாக்க உன் கிளாஸ் இடம் கொடுக்க வேண்டும், எடுத்தவுடனே நிறம் கொடு, தேதி கொடு என்று அடம்பிடிக்கிற கிளாஸை ஏற்ற முடியாது. பப்ளிக் என்று போட்டது மட்டும்தான் கோப்பில் ஏறும், பிரைவேட் என்று மறைத்து வைத்தது ஏறாது. நான் இதில் எல்லாம் முட்டி மோதித்தான் கற்றேன், நீ முட்டாதே. கோப்பில் ஒரு பெயர் இருந்து, அந்தப் பெயரில் ஆப்ஜெக்டில் இடம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? சத்தம் போடும் என்று நினைப்பாய். போடாது. கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடும். என் குடி கெட்டது அங்கேதான்.

மடிசார் என்று ஏன் பெயர் வைத்தேன் என்றால், நம் கடைக்கு வருகிற சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீடுகளில் பெண்ணுக்கு மடிசார் கட்ட ஒன்பது கஜம் வேண்டும், மற்றவர்களுக்கு ஆறு கஜம். ஒரு சின்ன கட்டம், டிக் அடித்தால் ஒன்பது, அடிக்காவிட்டால் ஆறு. நான் நினைக்கிறபடி பெயர் வைத்தேன். உடல், கரை, முந்தி, மடிசார். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளியின் மருமகப்பிள்ளை மெட்ராஸில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார் இல்லையா, அவர் ஒரு தடவை கடைக்கு வந்து என் புரோகிராமைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, முந்தி, மடிசார்னெல்லாமா பேர் வெப்பாங்க? சமையல் குறிப்பு மாதிரி இருக்கு!" என்று சிரித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கூடத் திறக்காமல் எல்லாப் பெயரையும் இங்கிலீஷில் மாற்றினேன். கரை பார்டர் ஆனது, உடல் பாடி ஆனது, முந்தி, வடக்கத்திக்காரர்கள் சொல்கிறபடி, பல்லு ஆனது, மடிசார் நைன் யார்ட்ஸ் ஆனது. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். எனக்குப் போனது, அதுதான் வினை.

மாற்றிவிட்டு ஒரு பழைய ஆர்டரைத் திறந்தேன். நிறம் எல்லாம் காலி. பிறகு புரிந்தது, கோப்பில் கரை என்று இருக்கிறது, ஆப்ஜெக்டில் பார்டர் என்று இருக்கிறது, அது எப்படிச் சேரும்? ஒவ்வொரு கோப்பாக நோட்பேடில் திறந்து கரையை பார்டர் என்று, உடலை பாடி என்று, முந்தியை பல்லு என்று மாற்றிச் சேமித்தேன். மறுபடி திறந்தால் நிறம் எல்லாம் வந்துவிட்டது. காலியாக ஓர் இடம் கூட இல்லை. முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

மடிசார் என்ற பெயரைக் கோப்பில் மாற்ற மறந்தேன், தம்பி. ஏன் மறந்தேன் தெரியுமா? நிறம் ஏறாவிட்டால் இடம் காலியாகத் தெரியும். டிக் ஏறாவிட்டால் எதுவும் தெரியாது. டிக் இல்லாத கட்டம் பார்ப்பதற்கு "ஆறு கஜம்" என்று யாரோ யோசித்துச் சொன்ன பதில் போலவே இருக்கும். கோப்பில் "மடிசார், ஆம்" என்று இருந்துகொண்டே இருந்தது. அதைக் கேட்கத்தான் புரோகிராமில் ஆள் இல்லை.

அடுத்த நாள் எனக்கு ஜுரம். உனக்கு பிளஸ் டூ முடிந்து லீவு. மூன்று நாள் எனக்குப் பதில் நீ கடைக்குப் போய் உட்கார்ந்தாய். ஏகாம்பரம் அண்ணன் தறிக்குப் போகிற சீட்டை நீதான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாய். அதில் ஆறு கஜம் என்று வந்தது. அவர் பிள்ளையார்பாளையத்தில் அதைத் தறிமேல் ஒட்டி வைத்து, சீட்டில் இருந்தபடி ஆறு கஜத்தில் முந்தி போட்டு அறுத்துக் கொடுத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

வாத்தியார் புடவை வாங்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சமஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்திப் பேசியே நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. புடவையைப் பிரித்து முழம் போட்டுப் பார்த்தவர், மறுபடியும் முதலிலிருந்து முழம் போட்டார். "ஏம்மா, ஆறு கஜத்தை வெச்சுண்டு என் பொண்ணு எப்படி மடிசார் கட்டிண்டு மணையில உக்காருவா?" என்றார். ஆர்டர் கொடுத்த அன்று நான் கொடுத்த ரசீதையும் காட்டினார். அதில் ஒன்பது கஜம் என்று அச்சாகி இருந்தது. முதலாளி கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னார். திறந்தால் டிக் இல்லை. "இன்னாமா இது? அன்னிக்கு ஒம்போது, இன்னிக்கு ஆறா? எவன் கை வெச்சது? அவங்க இனிமே என் கடைப்படி ஏறக் கூடாது" என்று கத்தினார்.

ரசீது அடித்த நாளுக்கும் அன்றைக்கும் நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நானும் நீயும்தான். நான் டிக்கைத் தொடவில்லை என்று எனக்கு நிச்சயம். பெயரை மாற்றியது நினைவுக்கே வரவில்லை, சாமி சத்தியமாக. எனக்குத்தான் வாய் முந்தும், புத்தி பிந்தி வரும் என்று உனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்து உன்னைக் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போனேன். "நான் எதையும் மாத்தலமா. வந்ததை பிரிண்ட் எடுத்தேன், அவ்ளோதான்" என்று நீ சொன்னாய். "கேம் ஆடிக்கினு இருந்தியா? எங்க தட்டினோம்னு தெரியாம தட்டினியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "இல்லமா" என்றாய். "வாயை மூடு. பெரியவர் முன்னாடி பொய் வேறயா? மன்னிப்பு கேளு" என்றேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு வாத்தியார் காலில் விழுந்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றாய்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அது நம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. உங்கப்பாவுக்கு அப்போது வேலை இல்லை, வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. பையன் செய்தது, சின்னப் பையன், என்று முதலாளி என்னை விட்டுவிட்டார். உங்கப்பா மட்டும் அன்று சாப்பிடும்போது, "நம்ம பையன் பொய் சொல்ல மாட்டான்டி" என்றார். நான் அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

தறியில் ஏற்றிய அதே பாவு நூல் மிச்சம் இருந்ததால் பிழைத்தோம். ஏகாம்பரம் அண்ணனும் அவர் மனைவியும் மாற்றி மாற்றி உட்கார்ந்து நெய்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் புடவை தறியை விட்டு இறங்கியது. அந்தப் பத்து நாளும் நீ தினம் சைக்கிளில் அங்கே போய் அவர்களுக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுத்தாய் என்று அவர் மனைவி பிறகு சொன்னாள். "உனக்கு இன்னாத்துக்குடா இந்த வேலை?" என்று கேட்டாளாம். "சும்மாக்கா" என்றாயாம். செய்த தப்புக்குப் பரிகாரம் செய்கிறான் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் வந்தது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். நீ உன் முத்து முத்தான கையெழுத்தில் எல்லாம் நிரப்பி, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தை மட்டும் விட்டு, காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது கொண்டு வந்து நீட்டினாய். "கம்ப்யூட்டரைத் தொடணும்னா பொறுப்பு வேணும். உனக்கு அது கிடையாது. மெக்கானிக்கல் டிப்ளமோ சேரு" என்றேன். காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஒரு சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, முன்னாலேயே எழுதி வைத்திருந்த இன்னொரு ஐயங்கார் வீட்டு ஆர்டருக்குச் சீட்டு எடுத்தேன். ஆறு கஜம் என்று வந்தது. அந்த அம்மாள் ஒன்பது கஜம் என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னது காதில் அப்படியே இருந்தது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். பார்டர், பாடி, பல்லு, அதற்குக் கீழே மடிசார், ஆம். தலையில் கொதிக்கிற சாயத் தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. எல்லாக் கோப்பையும் ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். வாத்தியார் வீட்டுக் கோப்பு மட்டும் முடிந்துபோன ஆர்டர்களோடு ஃபிளாப்பிக்குப் போய்விட்டது, அதைத் திறந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. முதலில் வேலை போய்விடுமே என்ற பயம். அப்புறம் நீ டிப்ளமோவில் சேர்ந்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன என்ற சால்ஜாப்பு. அப்புறம் நீ முதல் வகுப்பில் தேறினாய், வேலை கிடைத்தது, நல்லதுதானே நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு, அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பாடம் கேட்டாய். உனக்கு மாதிரி காட்ட ஒரு பழைய கோப்பு வேண்டும் என்று திங்கட்கிழமை கடையின் பழைய கம்ப்யூட்டரில் அந்த ஃபிளாப்பியைப் போட்டேன். சொல்லப் போவது என்று முடிவு செய்த பிறகு அந்தக் கோப்பையே காட்டிவிடலாம் என்று தோன்றியது. புரோகிராமில் திறக்கவில்லை, நோட்பேடில் திறந்தேன். மடிசார், ஆம். அது தெரிந்ததுதான். அதற்குக் கீழே நான் எழுதாத இரண்டு வரி இருந்தது.

எக்ஸ்.எம்.எல்.லில் குறிப்பு என்று ஒன்று உண்டு. ஆச்சரியக்குறியும் இரண்டு கோடும் போட்டுத் தொடங்கி, நடுவில் மனுஷனுக்கு மனுஷன் சொல்ல வேண்டியதை எழுதலாம். ஏற்றும்போது கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. பிளஸ் டூவில் நீ வெப் பக்கம் எழுதப் படித்தபோதே இந்தக் குறியைக் கற்றிருப்பாய். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் தட்டியிருந்தாய்:

<!-- நான் மாத்தல. மத்த பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது, மடிசார் மட்டும் பழைய பேர்லயே இருக்குது, அதான் டிக் ஏறல. அம்மா பேரை மாத்தும்போது விட்டுட்டாங்க. சொன்னா அம்மாவை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. சொல்லல. -->

கோப்பு கடைசியாக மாறிய தேதியைப் பார்த்தேன். நீ வாத்தியார் காலில் விழுந்ததற்கு மறுநாள். எப்போது வந்து திறந்தாய், யாரைக் கேட்டு உள்ளே போனாய், எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அந்த விண்ணப்பத்தை நீ என்னிடம் நீட்டியது அதற்கு இரண்டு நாள் கழித்து. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நீட்டினாய். உனக்குப் பொறுப்பு கிடையாது என்று நான் சொன்னபோது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் சும்மா நின்றாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். நம் வீட்டில் அது தலைகீழ், தம்பி. கடையில் ஆள் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் அழுதேன்.

வாத்தியாரைத் தேடிக்கொண்டு புதன்கிழமை போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "புடவை வந்துடுத்து, கல்யாணம் ஆயிடுத்து, பேரன் ஸ்கூலுக்குப் போறான். எனக்கு அது போச்சு. ஆனா அந்தக் குழந்தை என் கால்ல விழுந்தப்போ அவன் முதுகு நடுங்கித்தும்மா, அது எனக்கு இன்னும் போகலை. என்கிட்ட ஏன் வந்தேள்? அவன்கிட்ட சொல்லிட்டேளா?" என்றார். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். அவர் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, "இத்தினி வருஷமா இதை மனசுல வெச்சிக்கினா வேலை பார்த்தே?" என்றார். அப்புறம், "பையன் வந்தா கூட்டிக்கினு வாம்மா. அன்னிக்கு நானும்தானே கத்தினேன்" என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சரி என்றுதான் போனேன்.

இனி பாடத்தில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளை உன் கையிலும் பழைய கோப்புகள் சேரும். கிளாஸில் பெயரை மாற்ற வேண்டி வந்தால், கோப்பில் மட்டும் பழைய பெயரிலேயே எழுது, படி என்று சொல்லி வைக்க வழி இருக்கிறது, பூனாவில் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள். முக்கியமான ஒன்றை ஆம், இல்லை என்ற இரண்டோடு விடாதே. இன்னும் பதில் வரவில்லை என்று மூன்றாவதாக ஒன்று வை, அப்போதுதான் ஏறாமல் போனது கண்ணில் படும். எதை மாற்றுவதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்து வை. மெஷின் சொன்னது என்று யார் மேலும் பழி போடாதே, கோப்பை உன் கண்ணால் திறந்து பார். நீ பதினேழு வயதில் செய்தாய். நாற்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் அனுப்புகிறேன். அதில் அந்தக் கோப்பு இருக்கிறது. எந்தப் புரோகிராமிலும் ஏற்றிப் பழகிப் பார்த்துவிடாதே. ஏற்றி மறுபடி சேமித்தால் நிறம் இருக்கும், முந்தி இருக்கும், நீ எழுதிய இரண்டு வரி இருக்காது. ஆப்ஜெக்டில் குறிப்புக்கு இடம் கிடையாது. நான் பயந்து திறக்காமல் போட்டு வைத்ததால்தான் அது இத்தனை வருஷம் தப்பியது. என் கோழைத்தனத்தில் விளைந்த நல்லது அது ஒன்றுதான்.

இன்னொரு காகிதமும் உறைக்குள் இருக்கிறது, மடிப்பைப் பிரித்துப் பார். நீ மேஜை மேல் வைத்துவிட்டுப் போன அந்த விண்ணப்பம். தூக்கிப் போட மனசு வராமல் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். ஓரம் பழுப்பேறிவிட்டது, உன் போட்டோவில் மீசை கூட முளைக்கவில்லை. இனி அதை எந்தக் காலேஜும் வாங்காது என்று எனக்குத் தெரியும். உனக்கு இருபத்துமூன்று வயது, எதற்கும் இனி என் அனுமதி தேவையில்லை என்றும் தெரியும். இருந்தாலும் இன்று காலை, உங்கப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீ காலியாக விட்ட அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா